‘யாரு பாத்தது?’ என்று கேட்ட ரோசலின் மிஸ்

விடிந்தும் விடியாத நேரத்தில் ரோசலின் மிஸ்ஸின் தம்பி ஆரோக்கியம் போன் செய்தார். "அக்கா வேளாங்கண்ணியிலயே போயிட்டாங்க மல்லிகா மிஸ். கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்தவங்க எழுந்திரிக்கல." நான் அழவில்லை. ஏனென்றால் நான் நம்பவில்லை. எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. கடைப் பாலைக்கூடக் காய்ச்சிப் பார்த்த பிறகுதான் பால் என்று ஒப்புக்கொள்வேன். மாதா கோயிலில் கொஞ்ச நாள் தங்கப் போகிறேன் என்று கிளம்பிய ரோசலின் மிஸ், அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. அப்போதே எனக்கு இடித்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் சரித்திரம் படித்தவர்கள். மீதிப் பேர் எங்களோடு ஈஜிபுரா பள்ளியில் வேலை பார்த்தவர்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவர் சொன்ன உலகத்துக் கதைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதாளத்துக்கு இறங்கிப் போன வீரர்கள், பொன் தேடிக் கடல் கடந்தவர்கள், தெய்வம் குடியிருக்கும் மலையில் ஏறியவர்கள். ஒரு நாள் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். வீரன் தன்னந்தனியாகக் குகைக்குள் போய், பூதத்தைக் கொன்றுவிட்டு வெளியே வந்தான். கதையை அங்கே நிறுத்திவிட்டு, "உள்ள நடந்தத யாரு பாத்தது?" என்றார். ஒரு பெண் எழுந்து, "அவரே வந்து சொன்னாரு மிஸ்" என்றாள். "அப்போ லீவு லெட்டர்ல நீ எழுதுற காய்ச்சல் மாதிரிதான். ஒருத்தர் சொன்னா கதை. கூட இருந்தவங்களையும் தனியா கேட்டுப் பாரு, அப்புறம் நம்பு."

அன்று காலை மர்பி டவுனில் அவர் வீட்டுக்குப் போனபோது எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. நாங்கள் டிபன் முடிக்கும் நேரத்துக்குள் உடல் வந்து சேர்ந்திருந்தது. வேளாங்கண்ணியிலிருந்து எங்கள் ஊருக்கு, மாநிலம் தாண்டி ஒரு ராத்திரிப் பயணம். விடியற்காலையில் அங்கே இறந்தவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அந்நேரத்துக்குத் தஞ்சாவூரைத் தாண்டுவதே பெரிய காரியம். பக்கத்து வீட்டம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "மாதா கிருபை மிஸ். ரோடே காலியா இருந்துச்சாம்" என்றார். மதியத்துக்குள், வந்தவர்கள் பேச்சில், ரோசலின் மிஸ் படுக்கையில் சாகவில்லை, பீடத்தின் முன்னால் மண்டியிட்டபடி செத்திருந்தார். சாயங்காலம் கல்லறைக்குப் போகும் வழியில், அவர் முகத்தில் வெளிச்சம் தெரிந்ததாக ஒருவர் சொன்னார். இட்லி மாவு பொங்குவது மாதிரி ஒரு கதை என் கண்ணெதிரே பொங்கியது. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

புனிதத் தலம் என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை ஒரு மலைக்குக் கூட்டிப்போயிருந்தோம். பாறையில் பள்ளமாக இருந்ததைக் காட்டி, ஒரு மகாவீரனின் பாதம் என்றார் வழிகாட்டி. "இந்த மாதிரிப் பாதம் எத்தனை நாட்டு மலையில இருக்கு தெரியுமா மல்லிகா? அவனவன் ஒரு பேரு வெச்சிருக்கான். ஒரே மலைக்கு மூணு மதத்துக்காரங்க மூணு ஆளு சொல்றாங்க" என்று என் காதில் முணுமுணுத்தார். ஆனால் பக்கத்தில் போகுமுன் செருப்பைக் கழற்றினார். நான் விடுவேனா? "நம்பிக்கை இல்லன்னா செருப்ப ஏன் கழட்டினீங்க?" என்று மடக்கினேன். "நான் சந்தேகப்படறது கதைய. இவ்வளவு தூரம் ஏறி வந்தாங்களே ஜனங்க, அவங்கள இல்ல."

இன்னொரு முறை ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே, "சாவாத மருந்தைத் தேடிப் போனவன் எல்லா நாட்டுலயும் இருக்கான். அத்தனை பேரும் செத்துட்டானுங்க. அந்த ஒரு விஷயத்துல மட்டும் யாரும் பொய் சொல்லல" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அவருக்குக் கல்யாணமாகவில்லை, பிள்ளை குட்டி கிடையாது. அவர் எந்த ஊரில் செத்தார் என்பது எனக்கு முக்கியமில்லை. தெரியாத ஊரின் லாட்ஜ் அறையில், பேச ஆளில்லாமல், தனியாகப் போனாரா என்பதுதான் என்னை அரித்தது. சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, ஊர்க்கோடியில் சந்தாபுராவில் இருக்கும் ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லும் முன்பே கேட்டேன். "வேளாங்கண்ணியில அவங்ககூட யாரு இருந்தது?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, ஆச்சரியம், சிரித்தார்.

"அக்கா வேளாங்கண்ணிக்கே போகல மிஸ். இங்கதான், அந்த ரூம்லதான் இருந்தாங்க. ஈரல்ல கட்டி. ஜாஸ்தி நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பள்ளிக்கூடமே வந்து சுத்தி நின்னு அழும், எனக்கு அது பேஜாருன்னாங்க. கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொன்னா யாரும் பின்னாடி வரமாட்டாங்கன்னு அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷப் பழக்கம், என்னிடமுமா? வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"உங்களப் பத்தியும் சொன்னாங்க மிஸ். ‘ஊரு நம்பிடும், மல்லிகா நம்பமாட்டா. என்னைக்கி இருந்தாலும் வாசல்ல வந்து நின்னு கேப்பா. அவகிட்ட மறைக்காத. அவ எல்லாருக்கும் சொல்லிடுவா, சொல்லட்டும்’னாங்க. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், ரோசலின் மிஸ்.

கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டேன். தானும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக ஆரோக்கியம் சொன்னார். தலையாட்டிக்கொண்டேன்.

ரோசலின் மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது புத்தகமோ புடவையோ இல்லை. ஒருவர் சொன்னதோடு விட்டுவிடாமல், கூட இருந்தவரையும் தனியாகக் கேட்கும் புத்தி. அதனால், தண்ணீர் வேண்டும் என்று சமையலறைக்குள் போய், ஆரோக்கியத்தின் மனைவியிடம் கேட்டேன். கணவர் என்னிடம் சொன்னது எதுவும் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்காது, குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு கைய அவரு புடிச்சிருந்தாரு, ஒரு கைய நான் புடிச்சிருந்தேன் மிஸ்" என்றாள். "தூங்குற மாதிரிதான் போனாங்க."

இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. அதன் பிறகுதான் அழுதேன்.