பெயர் சொல்லக் கூடாத சாட்சி

தொண்ணூறுகளின் நடுவில் ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, மைசூரில் வீட்டோடு இருந்தேன். எதையாவது எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. தபால் தலை, மாத்திரை, மாடிப்படி, எல்லாவற்றையும் எண்ணுவேன். "ஆத்துல உட்கார்ந்து ஸ்பூனை எண்றதுக்கு, எங்க கூட்டத்துக்கு வந்து நாற்காலியை எண்ணுங்கோ" என்று சொல்லி என் மனைவி என்னைத் தன் சங்கத்து வேலைக்கு இழுத்துவிட்டாள்.

அக்ரஹாரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அந்தச் சங்கம். பெண்கள் உரிமைக்கென்று ஐ.நா.வில் ஓர் ஒப்பந்தம் உண்டு, அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் உண்டு. அரசாங்கங்கள் அந்தக் குழுவுக்கு அறிக்கை அனுப்பும். ஆனால் அநீதிக்கு ஆளான ஒருத்தி தானே நேராக அங்கே முறையிட அப்போது வழி கிடையாது. அந்த வழியைத் திறக்க வேண்டும் என்று பல நாட்டுப் பெண்கள் சங்கங்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்ச் சங்கமும் அதில் ஒன்று. கேட்பதற்கு வலு சேர்க்க, மைசூரில் ஒரு நாள் பொது விசாரணை நடத்துவதென்று முடிவாயிற்று. ஐந்து பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். டெல்லியிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் வந்து கேட்டு, தொகுத்து அனுப்புவார்.

அந்த ஐவரில் ஒருத்தி கௌதள்ளிக்காரி. கொள்ளேகாலைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஊர் அது. எங்கள் தெருவுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலை. குடிக்கத் தண்ணீர் பிடிக்க எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருவாள், அப்படித்தான் மனைவிக்குப் பழக்கம். புருஷன் இறந்த பிறகு, அவனுடைய அண்ணன் இவளை ராசியில்லாதவள் என்று வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, பத்து வயது மகளை மட்டும் வைத்துக்கொண்டான். ஆடு மேய்க்கவும் வீட்டு வேலைக்கும் ஆள் வேண்டுமே. மகளைப் பார்க்கப் போனபோதெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மகள் தன்னிடம் வர வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

பேசுகிறவளின் முகமோ குரலோ பெயரோ ஊரோ வெளியே தெரியக் கூடாது என்பது எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வைத்திருந்த விதி. வேறொரு ஊரில் இப்படிப் பேசிய பெண்ணை அன்று மாலையே புருஷன் அடித்துக் கையை ஒடித்திருந்தான். அதன் பிறகு வந்த விதி. அவள் திரைக்குப் பின்னால் இருந்து மெல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். கௌதள்ளிக்காரி தமிழில் சொல்ல, கன்னடத்தில் சொல்வது என் பொறுப்பு. திரையை ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இரவல் வாங்கினோம். மூன்று மடிப்புப் பச்சைத் துணி. ஒரு காலில் மட்டும் சக்கரம் இல்லை. கூட்டத்தின் நடுவில் அது சாய்ந்துவிடுமோ என்று நான் இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் கிடந்தேன். கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணையன்று காலை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மடிப்புக் கலையாத சேலையில் வந்தாள். திரையைப் பார்த்ததும், "ஏனுங்கம்மா, ஆருக்கு ஒடம்பு செரியில்லை?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். மனைவி விளக்கினாள். பேர் வராது, ஊர் வராது, நீ பயப்படவே வேண்டாம் என்றாள்.

"எனக்கென்னங்கம்மா பயம்? அவருதானுங்க பயப்படோணும்."

அவளுடைய துணிச்சலை மனைவி மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

நான்காவது சாட்சியாக அவள் முறை வந்தது. மைக் என் கையில். அவள் முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு தகப்பன் பெயர், ஊர், புருஷனுடைய அண்ணன் பெயர். நான் அவற்றை விட்டுவிட்டு, "ஒரு கிராமத்தில் ஒரு விதவை" என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். அவளுக்கும் கன்னடம் தெரியும். என் முழங்கையைத் தொட்டாள்.

"பேர வுட்டுட்டீங்களே."

சொல்லக் கூடாது அம்மா, உன் நல்லதுக்குத்தான் என்றேன், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"அவரு அங்க உக்காந்திருக்காருங்க. மூணாவது வரிசை, வெள்ளைத் துண்டு. நாந்தானுங்க வரச்சொன்னேன். பேரு சொன்னாத்தான எந்திரிப்பாரு."

கௌதள்ளி பஸ் கண்டக்டரிடம் அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள், மைசூரில் பெரிய சபை கூடுகிறது, வந்து பதில் சொல்லட்டும் என்று. அவர்கள் ஊர் நியாயத்தில், முறையிடுகிறவள் சபையில் நின்று ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவன் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். வராமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் அவன் வந்திருந்தான். விசாரணை என்று நாங்கள் சொன்னதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

நான் திரையின் விளிம்பு வழியாக மனைவியைப் பார்த்தேன். அவள் குனிந்து வந்து கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் இங்கேயே இருக்கிறான் என்றால் பெயரைச் சொல்லவே கூடாது, இதற்காகத்தானே விதியே என்று என் காதில் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் அப்போதும் முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. நான் மீதியைச் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். வெள்ளைத் துண்டுக்காரனும் தட்டினான். யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் பேசினார். மனைவி கன்னடத்தில் சொன்னாள். நேராக முறையிடுகிற உரிமை ஒருநாள் வந்தே தீரும். ஆனால் பெயரில்லாமல் வரும் முறையீட்டை அந்தக் குழு எடுத்துக்கொள்ளாது, இப்போது பேசிக்கொண்டிருக்கிற வரைவில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

"அங்கயாச்சும் பேரு கேக்கறாங்களே" என்றாள் திரைக்குப் பின்னால் இருந்த கௌதள்ளிக்காரி.

மதியம் பிசிபேளேபாத்தும் தயிர் சாதமும். நூற்றிருபது தட்டு எடுத்து வைத்திருந்தேன். தட்டை நீட்டிக்கொண்டு வெள்ளைத் துண்டுக்காரன் என் எதிரில் வந்து நின்றான். அவன் யாரென்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கலாம்.

"அந்த நாலாவது பொண்ணு பாவமுங்க சாமி" என்றான். "இப்பிடியும் ஆளுக இருக்கறாங்க பாருங்க."

சாதத்தைப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனான்.

அவள் சாப்பிடவில்லை. என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டான் என்றேன். மனைவி அவள் தோளில் கை வைத்தாள். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"நீங்க நல்லவீங்கதானுங்கம்மா. இனி ஊர்ல ஆரு கேட்டாலும், நான் சபைக்குப் போனேன், எம்பேர ஆரும் சொல்லலைன்னு சொல்லிப்போடுவாரு."

சில நாள் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் கௌதள்ளிக்குப் போனோம். அப்போதுதான் பெயரோடு ஒரு மனு எழுதி, போலீசில் கொடுத்துவிட்டு வரலாம் என்று மனைவிக்குத் தோன்றியிருந்தது. அவன் வாசலில் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தான். அவன் சொல்வான் என்று அவள் சொன்ன வார்த்தைகளையே, அக்கம்பக்கத்தார் கேட்கச் சொன்னான். மகள் அங்கே இல்லை. திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனிக்கு ஒரு ஆளோடு அனுப்பிவிட்டானாம். மைசூருக்கு வந்து போன மறுநாளே அனுப்பியிருக்கிறான். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, அந்த ஆளுக்குத்தான் தெரியும் என்றான். போலீசில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவள் எங்களோடு மைசூருக்குத் திரும்பவில்லை. கொள்ளேகாலில் இறங்கி, தமிழ்நாட்டுப் பஸ் பிடித்தாள். திருப்பூரில் எங்கே தேடுவாய் என்று கேட்டேன். போய்க் கேட்கிறேன் என்றாள். அதன் பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்த உரிமையை ஐ.நா. ஏற்றுக்கொண்டது. நம் நாடு அதில் கையெழுத்துப் போடவில்லை. மருந்துக் கடை மாடியில் மனைவி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபின் என்னிடம், "அன்னிக்கு அவன் கையில அரிவாள் வெச்சிண்டு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பேள்?" என்று கேட்டாள். அவளாகவேதான் கேட்டாள். திரை போடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றிக்கொண்டிருந்தது.

அந்த மகளுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். தாயும் மகளும் சேர்ந்தார்களா என்று தெரியாது. சேராமல் போயிருந்தால், தன்னைக் கேட்டு அம்மா மைசூர் சபை வரைக்கும் வந்தாள் என்பதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பெரியப்பன் சொல்லியிருக்கமாட்டான்.