கை ஏறாத வளையல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு, வளைகாப்பின் முதல் வளையல் என் மகளின் கையில் ஏறாமல் நின்றது. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது என்று என் தம்பி சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்ததால் அந்த மணி எனக்கு நினைவில் இருக்கிறது.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் மகளும் மருமகனும் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில்தான் விழா. என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. கணவனை இழந்தவள் வளையல் போட முன்னால் வரக்கூடாது என்பது எங்கள் சாதிசனத்தின் வழக்கம். நான் பின்வரிசையில் தாம்பூலப் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னை எழுப்பி முன்னால் கூட்டிப்போனவர் மருமகன்தான்.

"அத்தைதாங்க முதல் வளையல் போடோணும். பெத்தவங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்குங்க இருக்குது?" என்றார். அவருக்கு ஈரோட்டுப் பக்கம். கோபமே இல்லாத குரல்.

தம்பி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தான்: "முற்போக்கு ஊடு. நாம இன்னா சொல்றதுக்குக் கீது."

நான் மகளின் கையைப் பிடித்தேன். சந்தனம் பூசிய அந்தக் கைக்கு அளவெடுத்துத்தான் பூந்தமல்லியில் கண்ணாடி வளையல் வாங்கியிருந்தோம். அது விரல்களைத் தாண்டி விரல்முட்டி எலும்பில் நின்றுவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டி ஏற்று என்றாள் ஒருத்தி. பிள்ளைத்தாச்சிக்கு நீர் போடுவது உண்டுதான் என்றாள் இன்னொருத்தி. கவரை மாட்டி எப்படியோ ஏற்றினேன். பிறகு நலங்கு வைக்கக் குனிந்து அவள் காலில் மஞ்சள் தடவினேன். என் கட்டைவிரல் அழுத்திய இடம் பள்ளமாகவே இருந்தது. விரலை எடுத்த பிறகும் அது நிரம்பவில்லை.

"கடைசியா எப்ப பிரஷர் பார்த்தாங்க?" என்று குனிந்த வாக்கிலேயே கேட்டேன். அவள் கணவரைப் பார்த்தாள்.

பந்தி முடிந்த பிறகு, மாடியில் அவர்கள் வீட்டில் வைத்து மருமகன் சொன்னார். ஐந்தாம் மாதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். பிரசவம் அந்த வீட்டிலேயே. போனில் ஒரு குழு இருக்கிறது, இப்படிப் பெற்றெடுத்த தாய்மார்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கிறார்கள், அவர்கள் வழிகாட்டுவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்ற வழக்கப்படி திருவேற்காட்டில் என் வீட்டு அறைக்கு நான் வெள்ளையடித்து வைத்திருந்தேன். அங்கே அனுப்ப முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அனுப்பினால் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேனாம்.

அவரை எனக்குப் பிடிக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வேறு சாதி. என் தம்பி அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். ஐ.டி. வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் பாதி சமையலைத் தானே செய்கிறவர், மாடியில் கீரை வளர்க்கிறவர், பெண்களிடம் குரல் உயர்த்தத் தெரியாதவர். அவருடைய அக்காவுக்கு ஏதோ ஒரு தனியார் மருத்துவமனையில் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய ஆறாத காயம். அதை அவர் விவரித்த அன்று நானும் அழுதேன். மருத்துவம் வியாபாரமாகிவிட்டது என்று அலுவலக மதிய உணவு நேரங்களில் பேசிக்கொண்டிருந்தவள்தான் நானும்.

அதனால் அவர் பேசப்பேச எனக்குத் திகைப்பு கூடியது. அவர் பேசியதெல்லாம் என் சொற்கள். பெண்ணின் உடல் அவளுக்குச் சொந்தம். அரசாங்கம் படுக்கையறைக்குள் வரக்கூடாது. நிபுணர்கள் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. நான் மேடைகளில் கேட்டுக் கைதட்டிய வாக்கியங்கள் ஒவ்வொன்றும் அந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் திரும்பிப் பேசின. நடுவில் என் மகளின் வீங்கிய கால் ஒரு தலையணைமேல் இருந்தது.

அறிவியலை மறுப்பது என் தம்பியின் பக்கத்து நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் திருமழிசையில் எங்கள் பழைய தெருவிலேயே இருக்கிறான், தொழிற்பேட்டையில் சிறிதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கட்சிக்குக் கொடி கட்டுகிறவன். குடும்பக் குழுவில் கிரகணத்தன்று வரும் கதிர்கள் பற்றியும் பழங்கால விமானங்கள் பற்றியும் வீடியோ அனுப்புவான். நான் திருத்துவேன். அவன் 'அக்கா வந்துட்டாங்க, கிளாஸ் ஆரம்பம்' என்று போடுவான். போன தேர்தலின்போது வாக்குவாதம் முற்றிக் குழுவை விட்டே போய்விட்டான். அவன் போனபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

வளைகாப்புக்குப் பிந்தைய நாட்களில் மருமகனோடு நான் ஓயாமல் வாதாடினேன். போனில் வாதாடினேன், கட்டுரைகள் அனுப்பினேன். அவர் மரியாதையாகப் படித்துவிட்டு, மூன்று மடங்கு வீடியோக்கள் அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரு தாய் சிரித்துக்கொண்டே குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பிழைக்காதவர்கள் வீடியோ எடுப்பதில்லை என்று எழுதினேன். 'பயத்தை விதைக்காதீங்க அத்தை' என்று பதில் வந்தது. நயமாகப் பேசினால் புரியும், தள்ளினால் விலகிப் போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிராளிக்கு நேரம் கொடுப்பதுதான் சகிப்புத்தன்மை என்று நம்பி வளர்ந்தவள் நான். என் மகளின் உடம்புக்கு அந்த நேரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம், ஆபீஸில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள். புளிக்குழம்புக்கு என்ன அளவு என்று கேட்கத்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். காலையிலிருந்து தலைவலி விடவில்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி ஏதோ மினுக்மினுக்கென்று தெரிகிறது. "தூங்கினா சரியாயிடும்மா" என்றாள்.

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த இடம் எனக்குப் பழக்கம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசிக்கு அங்கேதான் போவோம். புதன்கிழமைகளில்தான் ஊசி. புதன்கிழமை என்றாலே அவள் அழ ஆரம்பித்துவிடுவாள். பேச வந்த வயதில், இன்றைக்கு என்ன கிழமை என்று தினமும் காலையில் என்னிடம் சந்தேகத்தோடு கேட்பாள். அப்போதிருந்த நர்ஸ் இல்லை இவர், ஆனாலும் கோயில் தெருவில் பார்த்துப் பேசிப் பழக்கம்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் அதட்டவில்லை. எந்தத் தெரு, எந்த மாடி என்று மட்டும் கேட்டார். அந்தப் பகுதி நர்ஸ் இரண்டு முறை போய்க் கதவைத் தட்டியும் திறக்கவில்லையாம். "இந்த மாதிரி ஊட்டுக்குத் தனியா போனா உள்ள உட மாட்டாங்கம்மா. ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் போவணும். பரவால்லையா?" என்று கேட்டார்.

பரவாயில்லை என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து தம்பிக்கும் போன் போட்டேன், அவனிடம்தான் கார் இருக்கிறது. தேர்தலுக்குப் பிறகு நானாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் எதுவும் கேட்கவில்லை. "வந்துகினே கீறேன்கா" என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டு வாசலில் அந்தப் பகுதி நர்ஸ், ஒரு பெண் காவலர், ஒரு ஏட்டு, எட்டிப்பார்க்கும் அக்கம்பக்கம். என்னைக் கண்டதும் மருமகன் பேச்சை நிறுத்தினார்.

"அத்தை, நீங்களா?" என்றார்.

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மகள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார், எண்ணைச் சொல்லாமலேயே எழுந்து ஆம்புலன்ஸுக்குப் பேசினார். அது வரத் தாமதமாகும் என்றதும் தம்பி படியேறி வந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் அக்கா மகளை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினான். மருமகன் தடுக்கவில்லை. செருப்பில்லாமல் பின்னால் வந்தார்.

அரசு மருத்துவமனையில் உடனே ஆபரேஷன் என்றார்கள். வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். கை இன்னும் வீங்கியிருந்தது. ஒன்றும் வரவில்லை. துணியால் மூடி ஒவ்வொன்றாக உடைத்தார் அங்கிருந்த நர்ஸ். நான் வளையல் தொடவே கூடாது என்று நினைத்த என் தம்பி, அவள் கை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றான்.

குழந்தை பெண். எடை குறைவு, ஆனால் அழுதது. மகளுக்கு அன்று மாலை ஒருமுறை வலிப்பு வந்து அடங்கியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

இரண்டு உயிரும் பிழைத்தன. அத்துடன் இதை முடித்துக்கொள்ள முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

வார்டில் அவள் கண் திறந்து பேசிய முதல் நாள், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கேட்டாள். "அவர்கிட்டயேதானேம்மா அத்தனை நாளும் பேசினே? என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல. எனக்குந்தான் பயமா இருந்துச்சு. நீ தனியா வந்து கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். போலீசோட வந்தே."

அவள் சொன்னது உண்மைதானா, வந்திருப்பாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண்ணின் உடல் அவளுடையது என்று அவரும் நானும் மாறிமாறிச் சொன்னோம். அந்தப் பெண் தலையணையில் கால் வைத்து எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மருமகன் மாறவில்லை. போலீஸ் வந்த பயத்தில்தான் அழுத்தம் ஏறியது, வலிப்பு ஆஸ்பத்திரி ஊசியால் வந்தது என்று அவர் நம்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உலகத்தில் அப்படித்தான் நடந்தது. பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்கு வர வேண்டியவள் ஐயப்பன்தாங்கலுக்கே போனாள். என் போன் எண்ணை இருவரும் தடுத்து வைத்தார்கள். வெள்ளையடித்த அறை அப்படியே கிடந்தது.

என்னைப் பாராட்டியவர்கள்தான் என்னை இன்னும் வருத்தினார்கள். எங்கள் தெருவில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, இந்த மாதிரி ஆட்களை எல்லாம் உள்ளே தூக்கிப் போட்டால்தான் நாடு உருப்படும் என்றார். வேறு சாதியில் கொடுத்தால் இப்படித்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் பக்கம் நின்று என் பேத்தியைக் காப்பாற்றினேனா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். மறுபக்கம், என் நெடுநாள் தோழி ஒருத்தி, அரசு வன்முறையைக் குடும்பத்துக்குள் அழைத்துவிட்டாய் என்று சொல்லிப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வேறு வழி என்ன என்று அவளிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசிக்கிறாள்.

தம்பி மட்டும் மகள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். போன் செய்தது நான், தூக்கியது அவன். தூக்கியவனை அவர்கள் மன்னித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வராதவன் இப்போது மருமகனின் கீரைத் தொட்டிக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்திக் கொடுக்கிறான். அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிகளைத் திட்டுவதில் நன்றாக ஒத்துப்போகிறார்களாம். வாரம் ஒருமுறை திருவேற்காடு வழியாக வரும்போது என் வாசலில் வண்டியை நிறுத்தி, குழந்தையின் போட்டோவைக் காட்டுவான். அனுப்பச் சொன்னால் மாட்டான், காட்டக்கூடாது என்றே சொல்லியிருக்கிறார்களாம்.

ஒருமுறை நானாகக் கேட்டேன். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்களா?

"பொறந்தப்ப ஆஸ்பத்திரில போட்டதுதான். அப்பால இல்ல. நானும் சொல்லிப் பாத்தேன்கா, அவரு ஒத்துக்கல" என்றான். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "இன்னா, திருப்பியும் நர்ஸம்மாவுக்குப் போன் அடிக்கப் போறியா?"

அது கிண்டல் இல்லை. அவனுக்கும் பதில் தேவைப்பட்டது. நான் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பகுதியில் தட்டம்மை இருப்பதாகப் பேச்சு. கூப்பிட்டால் இன்னொரு முறை கதவு தட்டப்படும், பிறகு அந்த வீட்டில் எனக்கு எதுவுமே மிஞ்சாது. கூப்பிடாவிட்டால் அந்தக் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? அன்று நான் கூப்பிடவில்லை. அது பொறுமையா கோழைத்தனமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கே ஒரு குழந்தை இருமினாலும் திரும்பிப் பார்க்கிறவளாகிவிட்டேன்.

சென்ற வாரம் காலை, ஆபீஸுக்குக் கிளம்பிப் பூட்டைக் கையில் எடுத்தபோது தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. மகள் இறங்கினாள். கூட யாரும் இல்லை. மெலிந்திருந்தாள். மார்போடு துணியில் குழந்தை. என்னுடையதைப் போலச் சிறிய கண்கள், என் கணவரின் நெற்றி.

பூட்டைப் பிடித்தபடியே நின்றேன். அவள் படி ஏறவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை. குழந்தையின் தலையைத் துணியால் சரியாக மூடிவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவருக்குத் தெரியாது. சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன். இன்னைக்குப் புதன்கிழமைதானேம்மா. நீயும் கூட வா."