குடியாத மச்சானோடு பீம்ஸ்வில் வைன் தோட்டங்களுக்கு

ஒன்ராறியோவில் நல்ல வைன் விளையும் என்பதை முன்கூட்டியே சொன்னவன் நான். அதை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றக் கதை. இன்றைக்கு நயாகராப் பக்கம் சனிக்கிழமைகளில் கார் விட இடமில்லை, ஆட்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். 1996இல் ஈ காகம் இல்லை. அந்த நாளிலேயே ரொறன்ரோவில், வோபர்னில் எங்கள் கட்டிடத்து லொபியில் நின்று, "இருந்து பாருங்கோ, ஹமில்ரனுக்கு அங்கால பிரான்சுக்காரனே வந்து வைன் வாங்குவான்" என்று சொன்னேன். கேட்ட இரண்டு பேரும் இப்போது என்னோடு கதைப்பதில்லை, ஆனபடியால் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. குகனின் அலுவல் எப்படி முடியும் என்றும் அன்றைக்கே சொன்னேன். அதுவும் அப்படியேதான் முடிந்தது.

குகன் என் மனைவியின் தம்பி. இப்போது விட்பியில் வீட்டோடும் குடும்பத்தோடும் இருக்கிறான். போன கிழமை போன் எடுத்து, "அத்தான், அந்தக் கிழவற்ற தோட்டத்துக்கு எப்பிடிப் போறது? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன்" என்று கேட்டான். அவனுக்கு மட்டும் சொல்லுவானேன், போக நினைக்கிற எல்லாருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்த நாளில் குகன் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் வேறு மூன்று பெடியளோடு இருந்தான். நகரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாட்டுக்கடையின் குசினியில் நாலு வருசமாகக் கோப்பை கழுவினான். சவர்க்காரத் தண்ணீரில் கை இரண்டும் வெடித்துப் போயிருந்தன. மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவள் வந்திறங்கினால் வைக்கத் தனியாக ஒரு இடம் வேண்டும், கோப்பை கழுவுகிற சம்பளத்தில் அது நடக்காது. அந்த நேரம் பார்த்துக் கடையில் ஒரு சேர்வர் வேலையை விட்டுப் போனார். குகன் துணிந்து முதலாளியிடம் கேட்டான். முதலாளி அரைப் பகிடியாகச் சொன்னாராம்: சின்னத் தோட்டத்து உள்ளூர் வைன் கொஞ்சம் விற்க யோசிக்கிறேன், நல்லதாக இரண்டு தெரிவு செய்துகொண்டு வா, வெள்ளிக்கிழமை இரவு அதை மேசைகளில் சிபாரிசு செய்து காட்டு, சரிவந்தால் வேலை உனக்கு.

இதில் ஒரு சிக்கல். குகன் குடிப்பதில்லை. மனைவி வந்திறங்கும் வரைக்கும் மீன், இறைச்சி என்று மச்சமும் தொடமாட்டேன், மதுவும் தொடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தான். சும்மா வாயில் விட்டுத் துப்பு என்று சொன்னேன். "வாயில விட்டால் விட்டதுதானே அத்தான்" என்றான். சரி, நான் குடித்துப் பார்த்துச் சொல்லுகிறேன், நீ போய்ச் சொல் என்றேன். நானே தெரியாத சாமானை நல்லது என்று எப்படி ஆட்களுக்குச் சொல்லுவது என்று முகத்தைத் தொங்கப் போட்டான். எங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆள். என்றாலும் "வா, போய்ப் பாப்பம்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

புரட்டாதி மாதம், திங்கட்கிழமை, அவனுக்கு லீவு நாள். வோபர்னில் இருந்து காலை எட்டரைக்கு என் வானில் வெளிக்கிட்டு, சென் ஜேம்ஸ் ரவுணில் குகனை ஏற்றினேன். அங்கிருந்து அவன் ஓட்டினான். வைன் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி இதுதான்: குடியாத ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். குயின் எலிசபெத் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய், ஹமில்ரனில் அந்தப் பெரிய பாலத்தில் ஏறி இறங்கினால் ஏரி இடது கைப் பக்கம் கூடவே வரும். கிரிம்ஸ்பி தாண்டி பீம்ஸ்வில்லில் இறங்கவேண்டும். சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து எண்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். பெற்றோல் போய்வர இருபது டொலர். மனைவி எனக்கு மட்டன் ரோல்ஸும் தம்பிக்கு மரக்கறி ரோல்ஸும் கட்டித் தந்திருந்தாள். பாலம் வருமுன் என்னுடையது முடிந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் இருந்து தெற்கே திரும்பினால் ஒரு மேட்டு நிலம் நீளத்துக்குப் போகிறது. ஏரிக் காற்று வந்து அந்த மேட்டில் முட்டித் திரும்புவதால் பனி பிந்தித்தான் கொட்டும், அதனால்தான் அங்கே திராட்சை நிற்கிறது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, வான் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டியே கண்டுபிடித்தேன்.

முதல் தோட்டம் கொஞ்சம் பகட்டு. ஒரு பிள்ளை ஆளுக்கு ஒரு டொலர் வாங்கிக்கொண்டு, மருந்து ஊத்துகிற அளவில் மூன்று கிளாசில் ஊற்றி வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்ன வாளி இருந்தது. அது துப்புவதற்கு என்று எனக்குப் பார்த்தவுடனே விளங்கியது. ரோல்ஸ் சுற்றிய கடதாசியை அதற்குள் போட்டது குகன்தான், நான் இல்லை. அவன் கிளாசைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அந்தப் பிள்ளை அவனைப் பொலிஸ்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவனுடைய பங்கும் சேர்த்து நான் குடித்தேன். வெளியே வந்து, "அத்தான், திரும்பிப் போவம். இது எனக்குச் சரிவராது. நான் கோப்பையே கழுவுறன்" என்றான். நான் வான் திறப்பை வாங்கி என் பொக்கற்றில் போட்டேன்.

இரண்டாவது தோட்டத்தைப் புருசனும் பெண்சாதியும் நடத்தினார்கள், காசு வாங்கவில்லை. அங்கே பாக்கோ நுவார் என்று ஒரு சிவப்பு வைன், போத்தல் பத்து டொலர். நான் வற்புறுத்த, குகன் கிளாசை மூக்கடிக்குக் கொண்டுபோய் மணந்து பார்த்தான். "கத்தரிக்காய் சுட்ட மணம்" என்றான். குடித்துப் பார்த்தேன், கொஞ்சம் புகை மணம் இருந்தது உண்மைதான். எலும்போடு காய்ச்சிய ஆட்டிறைச்சிக் கறிக்கு இதைவிட நல்ல சோடி இல்லை. இரண்டு போத்தல் வாங்கினோம்.

மூன்றாவதுதான் நான் சொல்லவந்த இடம். பெயர்ப்பலகையும் கிடையாது, கராஜ் கதவில் சோக்கட்டியால் எழுதியிருந்தது. எழுபது தாண்டிய ஒரு இத்தாலியக் கிழவர், ரப்பர் சப்பாத்தோடு, தானே உழுது தானே பிழிகிற மனுசன். அவர் பேசுவது பாதி இங்கிலிஷ், பாதி இத்தாலியன். நல்ல காலம், நான் ஆறு வருசம் கதவு செய்யும் பக்ரரியில் இத்தாலிய ஆட்களோடு வேலை செய்தவன், அந்தப் பாசை எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆகவே நான்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

கிழவர் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனில் ஆறு வருசம் பழசான ஒரு போத்தலைத் திறந்து ஊற்றினார். குகன் மணந்தான். திரும்பவும் மணந்தான்.

"அத்தான், இதில மண்ணெண்ணெய் மணக்குது" என்றான்.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைசெய்த காலம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவன் குகன். அந்த மணத்தை அவன் பிழையாகச் சொல்லமாட்டான். ஆனால் அதை ஒரு மனுசனுக்கு அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லலாமா? கிழவர் என்ன சொல்லுகிறான் என்று கேட்டார். மல்லிகைப்பூ மணக்குதாம் என்று சொல்லிவைத்தேன். கிழவர் தலையை ஆட்டிவிட்டு நேரே குகனைப் பார்த்தார். அவன் பொய் சொல்லத் தெரியாத மடையன், இங்கிலிஷில் தானே சொல்லிப்போட்டான்: மண்ணெண்ணெய், அதோடு தேசிக்காய்த் தோல்.

கிழவர் கிளாசைக் கீழே வைத்தார். எங்களை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குகனின் வெடித்த கையைப் பிடித்துக் கராஜுக்கு உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பழைய ரீஸ்லிங்குக்கு அந்த மணம்தான் அடையாளமாம், வருகிற வெள்ளைக்காரர் பாதிப் பேருக்கு அது பிடிபடுவதில்லையாம். ஒவ்வொரு வருசத்துத் தொட்டியையும் திறந்து திறந்து மணக்கவிட்டார். இளசில் பச்சை அப்பிள், அடுத்ததில் தேன், பழசில் மண்ணெண்ணெய். குகனின் முகம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளித்தது. அப்போது கிழவர் வாசல் பக்கம் கையைக் காட்டி, இத்தாலியனில் வேகமாக என்னவோ சொன்னார். குகன் என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்த்தேன்: "பதினொரு வருசமா ஒரு சொட்டு விழுங்கேல்லையாம். டொக்டர் மறிச்சுப்போட்டார். மூக்கை வைச்சுத்தான் உவ்வளவும் செய்யிறாராம்."

குகன் திரும்பவும் தொட்டிக்குள் மூக்கை விட்டான். பிறகு ரீஸ்லிங் நாலு போத்தல் தரச்சொன்னான். ஒன்று ஒன்பதரை டொலர். பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் ரொறன்ரோ வந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை நானும் கோட் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் பாரில் இருந்தேன். ஒரு சூப் ஆறு டொலர், பகல்கொள்ளை. குகன் இரவல் கறுப்புச் சட்டையோடு நாலு பேர் இருந்த மேசைக்குப் போனான். காரமான இறாலுக்கு என்ன குடிக்கலாம் என்று கேட்டார்கள். ஒரு தோட்டத்து ரீஸ்லிங் இருக்கிறது, மண்ணெண்ணெய் மணக்கும், பயப்படவேண்டாம், தேசிக்காயும் மணக்கும், உறைப்புக்கு நல்லது என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. ஒரு போத்தல் எடுத்தார்கள். பிறகு இன்னொன்றும் எடுத்தார்கள்.

முதலாளி அவனைப் பாருக்குப் பக்கத்தில் மறித்து, உனக்கு எப்படி அந்த ருசி பிடிபட்டது என்று கேட்டார். நான் குடிப்பதில்லை என்று அந்த மடையன் உண்மையைச் சொன்னான். முதலாளியின் முகம் மாறியது. குடியாத ஒருவன் என் மேசையில் வைன் சிபாரிசு செய்கிறானா என்றார்.

குகன் தலையைக் குனியவில்லை. "செய்யிற ஆளும் குடிக்கிறேல்லை, சேர். பதினொரு வருசமா. மூக்காலதான் செய்யிறார். இவர் என்ர அத்தான், இவரிட்டத்தான் சொன்னவர்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு, ஆறுதலாகத் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமையில் இருந்து முன்பக்கம் வா என்றார். அடுத்த வைகாசியில் மனைவி வந்திறங்கினாள். அதற்கு முதலே வோபர்னில் எங்களுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு அறையுள்ள அபார்ட்மென்ற் எடுத்துவிட்டான்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில சொல்: நான் எழுதிய விலை எல்லாம் அந்தக் காலத்தது, இப்போது இரண்டு மடங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாதி, ஐப்பசியில் போங்கள், பழம் பிடுங்குவதைப் பார்க்கலாம். பெரிய வாசல் கட்டின இடத்தை விட்டுவிட்டுக் கராஜ் கதவைத் தேடுங்கள். போத்தலில் பழம் ஒன்ராறியோவில் விளைந்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிறநாட்டு வைனைக் கலந்து விற்கிறவர்களும் இருந்தார்கள். எங்கள் உறைப்புச் சாப்பாட்டுக்கு ரீஸ்லிங், ஆட்டிறைச்சிக்குப் பாக்கோ நுவார். ஐஸ் வைன் சின்னப் போத்தலுக்கு நாற்பது டொலர் கேட்பார்கள், சீனிப்பாகு, கலியாண வீட்டுக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள்.

குகன், உனக்குத் தனியாக ஒன்று. கிழவர் இப்போது இல்லை, மகன்தான் தோட்டத்தைப் பார்க்கிறார். நீ பிள்ளைகளை முன்னுக்கு நிற்பாட்டி வைத்து, உங்கள் அப்பா பதினொரு வருசம் குடியாமல் வைன் செய்தவர் என்று அந்த மகனுக்குச் சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். சொல்லாதே. எனக்குத் தெரிந்த இத்தாலியன் மூன்று சொல், அதில் இரண்டு தூசணம். கிழவர் அன்றைக்கு வாசலைக் காட்டிச் சொன்னது, கை காட்டின விதத்தில் எனக்கு விளங்கின மட்டில், உங்கள் வான் என் டிராக்டருக்குக் குறுக்கே நிற்கிறது, எடுங்கோ என்பது. அதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு கிளாஸ் ஊற்றி ஒரே இழுவையில் குடித்து முடித்தார். நீ அப்போது தொட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றாய்.