வலப்பக்க முன்சக்கரம்

பிரேக்கில் பிழை இல்லை என்று நான் சொன்னது பொய்.

பிழை இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்திட்டேன். அந்தக் கார் என் மாமியின் வலது கண்ணைப் பிடுங்கியது. அவருடைய மகள் அபிராவின் நெஞ்செலும்பை உடைத்தது. பிறகு, சாட்சியாக மிஞ்சிக் கிடந்த ஒரே ஒரு சக்கரத்தையும் நானே சம்மட்டியால் அடித்து நொறுக்கினேன்.

மூன்று வருடங்களாக இதை எவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறது போலும்.

நான் கார் மெக்கானிக். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். மேலே தூக்கிய ஒவ்வொரு காருக்கும் ஒரு மஞ்சள் தாள் எடுத்து, இலக்கமிட்டு, கண்ட பிழைகளை ஒவ்வொன்றாக எழுதுவது என் வழக்கம். தலைக்குள் இருப்பதை நான் நம்புவதில்லை. எழுதினால்தான் அது உண்மை.

ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஒரு தகப்பன் வந்து அதே கேள்வியைக் கேட்பார். பிள்ளைக்குப் பதினேழு வயது, பழைய அமெரிக்க மஸில் கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிக் கொடுக்கலாமா? கூடாது என்பேன். காரணங்களையும் சொல்வேன். தோளுக்குக் குறுக்கே ஆசனப் பட்டி இல்லை, இடுப்புப் பட்டி மட்டும்தான். முகத்துக்கு முன்னால் இருப்பது தகரமும் இரும்பும். ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டு ஒரே நீளக் கம்பி. முன்பக்கம் மோதினால் அது ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கித்தான் வரும். பிரேக்குக்கு ஒரே ஒரு திரவக் கிண்ணம், அது வற்றினால் நாலு சக்கரமும் பிடிக்காது. எஞ்சினோ ஒரு லொறியை இழுக்கும். பதினேழு வயதுக் காலுக்கு அந்த எஞ்சின் என்ன செய்யும் என்று தெரியாது, அந்த பிரேக் என்ன செய்யாது என்றும் தெரியாது...

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நேர்மையான பெண் என்று நாலு பேரிடம் சொல்வார்களாம்.

நேர்மை!

அந்தக் கார் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி அவர். ரூஜில் வீடு, குளியலறைகளுக்கு டைல் பதிக்கும் தொழில். நாலு குளிர்காலம் தன் கராஜுக்குள் படுத்துக் கிடந்து அந்தக் கடும் பச்சைக் காரைப் பழையபடி உருவாக்கினார். அவருடைய ஒரே பிள்ளை அபிராவுக்குப் பதினேழாவது பிறந்தநாள் வந்தது. அவள் தனியாக ஓட்டும் லைசென்ஸும் எடுத்திருந்தாள். பார்ட்டி ஹோல் வாசலில் அவள் அந்தக் காரில் வந்து இறங்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. எங்கள் ஆட்களின் விழாக்களை நீங்கள் அறிவீர்கள்தானே? வாசலில் புகை, மேளம், வீடியோக்காரர், வந்து இறங்குவதற்கு ஒரு வாகனம். சாப்பாட்டை மறந்தாலும் வந்திறங்கியதை யாரும் மறப்பதில்லை.

நம்பர் பிளேட் எடுப்பதற்கு, கார் ஓடத் தகுதியானது என்று மெக்கானிக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். ‘சேஃப்டி’ என்போம். மாமா என்னிடம் கொண்டுவந்தார்.

என் மஞ்சள் தாளில் இருபத்து மூன்று வரிகள் வந்தன. பெரும்பாலானவை பிழைகள் அல்ல. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பதினேழாவது வரி அப்படிப்பட்டதல்ல.

வலப்பக்க முன்சக்கரத்துக்குள் பிரேக் திரவம் கசிந்துகொண்டிருந்தது. கசிந்த திரவம், உரசிப் பிடிக்கும் பிரேக் லைனரில் ஊறினால் அந்தச் சக்கரம் பிடிக்காது. இடப்பக்கத்துச் சக்கரம் மட்டும் பிடிக்கும். மெதுவாக மிதித்தால் ஒன்றும் தெரியாது. அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதித்தால் கார் இடப்பக்கம் பாயும். நான் வெற்று வாகனத் தரிப்பிடத்தில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்தேன். பாய்ந்தது.

புதிய உதிரிப்பாகம் வரப் பத்து நாள் ஆகும். விழாவோ அந்தச் சனிக்கிழமை.

“ஹோல் வாசலிலை ஒருக்கா வந்து இறங்கிறதுக்குத்தான் பிள்ளை. மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்,” என்றார் மாமா. என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லைனரைத் துடைத்தேன், அரத்தாள் போட்டுத் தேய்த்தேன், மூடினேன். உதிரிப்பாகத்துக்குச் சொல்லி வைத்தேன். மஞ்சள் தாளைக் கிழித்தெறிந்தேன். கையெழுத்திட்டேன்.

இது முதலாவது பொய்.

இரண்டாவதைச் சொல்ல முன், என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மா ஒருவரிடமும் சொன்னதில்லை. “எஞ்சினியரிங் கொம்பனி” என்பார். விழாக்களுக்குப் போகுமுன் என் கைகளைப் பிடித்து நகங்களைப் பார்ப்பார். விளிம்பில் கறுப்பு இருந்தால் அதன்மேல் சிவப்புப் பூச்சு. நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் அந்தச் சிவப்புக்குக் கீழே என்ன ஊறிக்கொண்டிருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்...

அன்று அபிரா புகைக்கு நடுவே சேலை கட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். சனம் கைதட்டியது. கேக் வெட்டியபின் மாமா மைக்கை வாங்கி, கார்ச் சாவியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். கார் வாசலோடு நிற்கப்போவதில்லை, மகளுக்கே பரிசாம். அதுவரை அது எங்கள் யாருக்கும் தெரியாது.

முன்மேசையில் இருந்த ஓர் அங்கிள் எழும்பினார். “அண்ணை, பெட்டையள் உந்தப் பிசாசை ஓடுவாளவையோ? பஸ்ஸுக்கு நிக்கிற எங்களையும் ஒருக்கா யோசியுங்கோ.”

ஹோல் சிரித்தது. அபிராவின் முகம் சுருங்கியதை நான் கண்டேன். எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுவதும் கேட்ட சிரிப்பு.

மாமா விடவில்லை. “உதை நான் சொல்லக்கூடாது. எங்கடை வீட்டிலையே ஒரு மெக்கானிக் இருக்கிறா. என்ரை அக்காவின்ரை மகள். மயூரி, மேலை வா பிள்ளை.”

மெக்கானிக்! நானூறு பேருக்கு முன்னால், மைக்கில்! பக்கத்திலிருந்த அம்மா விறைத்துப்போனார். அதன்பிறகு கைதட்டல் எழுந்தது. பின்வரிசைப் பெட்டைகள் விசில் அடித்தார்கள். நான் மேடையேறித் திரும்பிப் பார்த்தபோது அம்மாவும் கைதட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டு...

“நீ சொல்லு. உந்தக் கார் இவளுக்குச் சரியோ?”

பதினேழாவது வரி என் தலைக்குள் தெளிவாக நின்றது. என் கையெழுத்தில், இலக்கத்தோடு.

“சரி மாமா. நான் பார்த்தனான். பயமில்லாமல் ஓடலாம்,” என்றேன். அந்த அங்கிளைப் பார்த்து, “பஸ்ஸுக்கு நிக்கிற அங்கிள்மார்தான் கொஞ்சம் தள்ளி நிக்கோணும்,” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஹோல் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு எவ்வளவு இனித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அபிராவுக்கு ஒரு செய்தி எழுதினேன்: மழையில் எடுக்காதே. அனுப்ப முன் அழித்தேன். ஏன் என்று கேட்பாளே! இன்னும் சில நாட்கள்தானே என்று நினைத்தேன். உதிரிப்பாகம் வந்ததும் சும்மா ஒரு சோதனை என்று சொல்லிக் காரை வாங்கி, பாகத்தைப் பூட்டிக் கொடுத்துவிடலாம்.

விழா முடிந்து எட்டாம் நாள், ஞாயிறு மத்தியானம், மழை. உதிரிப்பாகம் இன்னும் வந்திருக்கவில்லை.

அபிராவும் மாமியும் மல்வேர்னில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஷெப்பர்ட் வீதியில், கடைத்தொகுதி ஒன்றிலிருந்து ஒரு வான் திடீரென்று குறுக்கே வந்தது. அபிரா முழுப் பலத்தோடு மிதித்தாள். எந்த ஓட்டுநரும் செய்வதைத்தான் செய்தாள்.

கார் இடப்பக்கம் பாய்ந்தது. எதிர்ப்பாதையை வெட்டிக்கொண்டு நடைபாதையில் ஏறி, கொங்கிறீற்றுக் கம்பத்தில் நேருக்கு நேர் அடித்தது. மாமியின் இடுப்பைப் பட்டி பிடித்துக்கொண்டது. முகத்தைப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. இரும்பு விளிம்பில் முகம் விழுந்தது. தாடை இரண்டாகப் பிளந்தது. கண் இருந்த இடம் இரத்தக் குழியாயிற்று. ஸ்டியரிங் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து அபிராவின் நெஞ்சில் இறங்கியது. கண்ணாடித் துண்டுகளுக்கும் மீன்களுக்கும் நடுவே, மூச்செடுக்க முடியாமல், அவள் தாயின் முகத்தைக் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பார்த்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். கார் இரைந்துகொண்டு வந்ததாம், பேய் வேகமாம். அந்த எஞ்சின் முப்பதில் போனாலும் இரையும்! எந்த மெக்கானிக்கும் அதைச் சொல்லியிருப்பான். பொலிஸ் அபிராமீது கவனயீனம் என்று எழுதியது.

வைத்தியசாலையில் மாமியை அறுவைக்குக் கொண்டுபோன பிறகுதான் மாமா வந்தார். கழுத்தில் பட்டையோடு படுத்துக்கிடந்த மகளிடம் நேரே போனார். “கொம்மாவைத் தின்னப் பாத்தியேடி,” என்று கன்னத்தில் அறைந்தார். மறுபடியும் அறைந்தார். அவள் உதடு கிழிந்தது. நான் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். அவருடைய முழங்கை என் விலாவில் இடித்தது. நான் விடவில்லை. அபிராவைக் காப்பாற்றினேன் என்று குடும்பமே சொல்கிறது.

அபிரா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். “நான் வேகமாப் போகேல்லை அப்பா.”

உடைந்த காரை எங்கள் கராஜின் பின்வளவுக்கு இழுத்து வந்தார்கள். காப்புறுதிக்காரர் படமெடுத்துக்கொண்டு போனார். மாமா என்னிடம் வந்து, அவள் சொல்வதில் ஏதும் உண்மை இருக்குமோ, காரில் பிழை ஏதும் இருந்திருக்குமோ, ஒருக்கா பார் என்றார். ஆக, அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மகளை நம்ப ஒரு காரணம் தேடி வந்திருந்தார்...

நான் வலப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே லைனர் கறுத்து, திரவத்தில் ஊறி, மின்னியது. மாமா இரண்டடி பின்னால் நின்றார். நான் துணியை எடுத்துத் துடைத்தேன். எழும்பி, கைகளையும் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

“பிரேக்கிலை பிழை இல்லை மாமா.”

அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு சுவரோடு சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்தார். நாலு குளிர்காலம் படுத்துக் கிடந்து செய்த காரை அடித்தார். கண்ணாடிகள் சிதறின. கதவு நெளிந்தது. கூரை குழிந்தது. ஒவ்வோர் அடிக்கும் மகளின் பெயரைச் சொன்னார்; தூஷணத்தோடு சொன்னார். கைத்தோல் உரிந்து பிடியில் இரத்தம் வழுக்கியபோது சம்மட்டியை என்னிடம் நீட்டினார். நீயும் அடி என்றார்.

நான் ஒரே இடத்தில்தான் அடித்தேன். வலப்பக்க முன்சக்கரத்தில்.

பிரேக்கை மூடியிருக்கும் வார்ப்பிரும்பு நெளியாது, வெடிக்கும். நாலாவது அடியில் வெடித்தது. நான் நிறுத்தவில்லை. லைனர் தூளாகும்வரை, கசிந்த பாகம் இன்னதென்று அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தேன். வேலைக்காரர்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். பாசத்தில் வந்த வெறி என்று நினைத்தார்கள். எனக்குள் வெறியே இருக்கவில்லை! கணக்காக அடித்தேன். எது எது மிஞ்சக்கூடாது என்று எனக்கு வரிசையாகத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு எங்கள் ஆட்களின் எந்த விழாவிலும் இந்தக் கதை வந்தது. பெட்டையிடம் உந்தக் காரைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்றார்கள். அந்த அங்கிள் நான் அன்றைக்கே சொன்னனான் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்களுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன்... இதைவிடக் கேவலம் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அபிரா பிறகு காரே ஓட்டவில்லை. ரூஜிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகிறாள். மாமா அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பிழையை ஒத்துக்கொள்ளட்டும், பிறகு கதைக்கிறேன் என்று சொல்லியிருந்தாராம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில்!

போன மாதம் அவள் கராஜுக்கு வந்தாள். பின்வளவில் என் பக்கத்தில் நின்றாள்.

“மச்சாள், நீங்கள் எனக்காகப் பொய் சொல்ல மாட்டீங்கள். அதுதான் கேக்கிறன். ஐ ரிமெம்பர், ஐம்பதிலைதான் வந்தனான். மீற்றரைப் பார்த்தனான். ஆனால் எல்லாரும் வேற மாதிரிச் சொல்லினம். நான்தான் பிழையா நினைச்சுக்கொண்டிருக்கிறனோ?”

இதோ, கதவு திறந்திருந்தது. ஒரு வசனம் போதும். லைசென்ஸ் போகும், வேலை போகும், மாமா என் முகத்தில் முழிக்கமாட்டார், அம்மா... நான் வரிசைப்படுத்தத் தொடங்கினேன். வரிசை முடிவதற்குள் வாய் திறந்துவிட்டது.

“அடிபட்ட நேரத்து ஞாபகம் சரியா நிக்காது அபிரா. வேகமாத்தான் வந்திருப்பாய்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒன்றே ஒன்று அந்த ஞாபகம். அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

“ஓம்... அப்பிடித்தான் இருக்கும். இண்டைக்கே அப்பாட்டைச் சொல்லுறன்.”

பின்னேரம் மாமா தொலைபேசியில் அழைத்தார். அபிரா காலில் விழுந்து அழுததாகச் சொன்னார். தாயிடமும் மன்னிப்புக் கேட்டாளாம். மூன்று வருடத்துக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

“அவள் ஒத்துக்கொண்டிட்டாள் பிள்ளை. எல்லாம் நீ கதைச்சதாலைதான். நீ நல்லா இருக்கோணும்.”

“ஓம் மாமா,” என்றேன்.

தொலைபேசியில், அவருக்குப் பின்னால் அபிராவின் குரல் கேட்டது. தாயிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.