சீமாட்டிக்கு மட்டும் வண்ணமில்லை

பக்கவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு, என் கணவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இடக்கையால் சோற்றைத் தொட மாட்டார். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடக்கையில் கரண்டி பிடித்துத் தனியாகச் சாப்பிட்டு வருவார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் பஸ் ஓட்டிய காலத்தில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து மீன்கறியைப் பிசைந்து அடித்த மனிதர். அந்தச் சாத்திய கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருத்துவமனையில் கைப்பயிற்சி கொடுத்த பெண், "அங்கிளுக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுங்க ஆன்டி, விரலு பிடிக்கப் பழகும்" என்றாள். புத்தகக் கடையில் பெரியவர்களுக்கென்றே வண்ணம் தீட்டும் புத்தகங்கள் இருந்தன. அட்டையில் குதிரைவண்டியும் ரோஜாக்கொடியும் போட்ட ஒன்றை எடுத்தேன். நான் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கும் அந்தக் காலத்து இங்கிலாந்துக் காதல் தொடர்களைப் போலவே இருந்தது. உள்ளே பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் பிரபுவும் சீமாட்டியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

"இந்த வயசுல எனக்கு இது ஒன்னுதான் கொறச்சல்" என்றார். நான் விடவில்லை. அவர் வலக்கை விரல்களுக்கு நடுவே பென்சிலைச் செருகிவிட்டு வேலைக்குப் போனேன்.

சில நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தேன். குதிரை, வண்டி, மரம், பிரபுவின் சட்டை எல்லாவற்றிலும் கோட்டைத் தாண்டி வண்ணம் அப்பியிருந்தது. சீமாட்டிகள் மட்டும் வெள்ளையாகவே நின்றார்கள்.

"இவங்க மட்டும் என்ன பாவம் செஞ்சாங்க?"

"அடுத்தவன் பொண்டாட்டிய நான் என்னாத்துக்குத் தொடணும்? வேணும்னா நீ போடு லா."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரே பக்கத்தை இருவரும் தீட்டினோம். ஆண்கள் அவருக்கு, பெண்கள் எனக்கு. கட்டிப்பிடிக்கும் படங்களில் எங்கள் கைகள் இடித்துக்கொள்ளும். யாரும் கையை எடுக்க மாட்டோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது.

மெல்ல மெல்ல அவருடைய வண்ணம் கோட்டுக்குள் அடங்கியது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கதவு சாத்தியே இருந்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டேன்.

"பென்சில் பிடிக்கிற கை சோத்தப் பிடிக்காதா?"

"சிந்தும்" என்றார். "நீ பாத்துக்கிட்டு இருப்ப."

"பாக்கத்தானே உங்களக் கட்டிக்கிட்டேன்?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏன் கத்தினோம் என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் சோறு போட்டு, வழக்கம்போலக் கரண்டியை வைத்தேன். அவர் கரண்டியைத் தள்ளிவிட்டு மேசையருகிலேயே உட்கார்ந்தார். வலக்கையைச் சோற்றில் வைத்தார். முதல் கவளத்தில் பாதி மடியில் விழுந்தது. மீதி வாய்க்குப் போனது. மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"ரசம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். முழங்கை வரை வழிந்தது. துடைக்கப் போகாமல், என் தட்டையும் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.