ஒற்றைக் கால் குருவியும் எதிர்க்கடைக்காரரும்

தெருவில் எல்லோருக்கும் அவள் எம்ப்ராய்டரி அக்கா. சட்டைப் பைக்குப் பள்ளிச் சின்னமா, தலையணை உறைக்குக் குருவியா, எதுவானாலும் கம்ப்யூட்டரில் அவளே தையல் தையலாக வரைவாள். அதைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகிவிட்டால் போதும், ஊசி தன் பாட்டுக்கு ஓடும். வரைந்த டிசைன் ஒவ்வொன்றும் அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அந்தப் பிள்ளைகள் அத்தனையையும் ஒரே பென் டிரைவில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று அதில் இருந்ததையெல்லாம் அழித்தும் விட்டாள். "கழுத்துல கிடக்கிறதை எவன் எடுப்பான்?" என்று பெருமை வேறு!

எவனும் எடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அதுவாகவே போய்ச் சேர்ந்தது. சின்னம் போட வேண்டிய பள்ளிச் சட்டைகள் குவிந்து கிடக்க, மெஷின் திரையில் ஒன்றுமே வரவில்லை. ஊதிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், திட்டிக்கூடப் பார்த்தாள். ம்ஹூம்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "சிப்பே போயிடுச்சுக்கா. வேற காப்பி எங்க வச்சிருக்கீங்க?"

"இதுதான்டா காப்பி!"

"ஒண்ணே ஒண்ணு இருந்தா அதுக்குப் பேரு காப்பியா? பென் டிரைவ் எடுத்துட்டுப் போறதுக்குத்தான்கா. எப்ப வேணா கைவிட்டுடும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு இருக்கணும்."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி ஆயுளை உட்கார்ந்து வரைந்ததெல்லாம் போச்சே! சமாதானம் சொல்ல வந்த வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "எதிர்க்கடைக்காரன் டிசைனையெல்லாம் திருடிட்டான்னு ஊரைக் கூட்டினியே. அவன்கிட்டப் போய்க் கேளு" என்றார்.

அவர் கேலிக்குத்தான் சொன்னார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேலை அதிகமான நாட்களில் பென் டிரைவைக் கொடுத்தனுப்பி, எதிர்க்கடைக்காரரின் மெஷினிலும் தைத்து வாங்குவது அவள் வழக்கமாக இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவர் கடைக் கண்ணாடிக்குள் ஒரு தலையணை உறை தொங்கியது. அதில் அவளுடைய குருவி! அவள் மறதியில் வரையாமல் விட்ட இன்னொரு கால் அங்கேயும் இல்லை. தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை பிடித்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அவர் கடைக்குள் நுழைந்து, "அண்ணே" என்றாள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"என் டிசைன் உங்ககிட்ட இருக்காண்ணே?"

"சத்தியமா இல்லம்மா! ஒண்ணுகூட இல்ல!"

"ஐயோ, இருக்குன்னு சொல்லுங்கண்ணே! உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னோடது எல்லாம் அழிஞ்சுபோச்சு."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். வேஷம் இல்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தார். பள்ளிச் சின்னங்கள் தனியாக, பூக்கள் தனியாக, குருவிகள் தனியாக. அவள்கூட இவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் பார்த்துக்கொண்டே போனவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இந்த ரெண்டு வருஷமா வரைஞ்சது எங்க?"

"அது எடுக்கலம்மா."

"ஏன் எடுக்கல? ஒருத்தி நாலு வார்த்தை திட்டினா, அதுக்காகத் திருடறதையே விட்டுடுவீங்களா?"

"நீங்கதானே பென் டிரைவ் குடுக்கறதை நிறுத்திட்டீங்க!"

அக்கா போய்ப் புதுப் பென் டிரைவ் ஒன்றை வாங்கி வந்து நீட்டினாள். அவர் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தார்.

பள்ளிச் சட்டைகள் அன்றே மெஷினில் ஏறின. போனவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரைகிறாள். கம்ப்யூட்டரில் ஒன்று, வீட்டு அலமாரியில் ஹார்ட் டிஸ்க் ஒன்று. மாதம் பிறந்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய், அவர் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள்.

"இந்தக் கரடி டிசைனெல்லாம் எனக்கு எதுக்கும்மா? விட்டுடறேனே."

"அதெல்லாம் கிடையாது. ஒண்ணு விடாம எடுங்கண்ணே!"