திட்டு வாங்காத புது ஆள்

அண்ணிக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் லேபில் பகலெல்லாம் மெழுகில் பல் செதுக்குவார். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல், "யாராவது வந்தாங்களா பாரு" என்பார். வாசலுக்கு அல்ல, சர்வருக்கு.

தன் தொழில் செய்பவர்கள் பேசிக்கொள்ள அண்ணி நடத்தும் சமூகத் தளம் அது. ஒரே கம்பெனியின் பிடியில் இல்லாமல், ஆளுக்கொரு சர்வர் வைத்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையில் ஒரு சின்ன மூலை. எங்கள் துணி அலமாரிக்கு மேல் ஒரு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. பழையவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புதியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். இந்த வருடமும் யாரும் தங்காவிட்டால் இழுத்து மூடிவிடுவதென்று அண்ணி முடிவு செய்திருந்தார்.

காரணத்தை, லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்ணே போட்டு உடைத்தாள்.

"ஐயோ அக்கா, அங்கயா? வாயத் திறந்தா வகுப்பு எடுப்பாங்களாமே! படத்துக்கு விளக்கம் எழுதலன்னு ஒருத்தர அழவே வெச்சாங்களாம்."

பார்வையற்றவர்களுக்காகப் படத்தோடு விளக்கமும் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. நல்ல விதிதான். அதைச் சொல்பவர்களின் தொனிதான் வினை. திட்டுவதில் முன்னால் நிற்பவருக்குப் பட்டப்பெயர் 'சுத்தியல்'. தொழிலில் கில்லாடி.

அது உண்மையா என்று பார்க்க, ஞாயிறு காலை அண்ணி புதுப் பெயரில் தன் சர்வருக்குள்ளேயே நுழைந்தார். மெழுகில் செதுக்கிய கோரைப்பல் ஒன்றின் படத்தை வேண்டுமென்றே விளக்கமில்லாமல் போட்டுவிட்டு, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சுத்தியல்தான் முதலில் வந்தார்.

"வாங்க வாங்க! விளக்கம் நானே எழுதிடறேன், கவலப்படாதீங்க."

பின்னாலேயே வரிசையாக வரவேற்புகள்.

"பாத்தியா, திருந்திட்டாங்க!" அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மறுநாள் அதைக் காட்டியே லேப் பெண்ணைச் சேர்த்துவிட்டார். குமிழி விழுந்த பல் செட் ஒன்றின் படத்தைப் போட்டு, ஏன் இப்படி ஆகிறது என்று அவள் கேட்டாள். மதியத்துக்குள் ஆளாளுக்கு விளக்கம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். குமிழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "விதியப் படிக்காம வர்றவங்க பல்லு செஞ்சா குமிழிதான் விழும்" என்று எழுதியிருந்தார் சுத்தியல்.

அண்ணி அவரைப் போனில் பிடித்தார். "எனக்கு மட்டும் அப்படி உருகுனீங்களே?"

"நீங்க செதுக்கற கோரைப்பல் நுனி எனக்குத் தெரியாதா மேடம்? இத்தன வருஷமா பாக்கறேன். மேடம் மாறுவேஷத்துல வந்திருக்காங்க, பாத்துப் பேசுங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி."

"விதி போட்டதே நீங்கதானே?"

"விதி என்னோடது. வாய் உங்களோடது."

சுத்தியல் மன்னிப்புக் கேட்கவில்லை. மாலைக்குள் வேறு சர்வருக்குக் குடிபோய்விட்டார், பாதிப் பேரையும் கூட்டிக்கொண்டு. அண்ணி அந்தப் படத்துக்கு விளக்கம் எழுதி, சூட்டை அவசரமாக ஏற்றினால் குமிழி விழும் என்று பதிலும் போட்டார்.

அந்தப் பெண் பதில் எழுதவில்லை. கணக்கை அழிக்கவும் இல்லை. அண்ணி போனை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"நாளைக்கு லேப்ல, இருப்பியா போயிடுவியான்னு நேராவே கேட்டுடுங்களேன், அண்ணி."

"கேட்டா, இருக்கேன்க்கான்னு என் முகத்துக்காகச் சொல்லிடுவா" என்றார். "அது வேண்டாம்."